துக்கப் பக்கத்தில் தீபாவளி வேண்டாம்

வெப்சைட் கட்டுகிற தொழிலில் இருக்கிறேன் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், நிபோங் திபாலில் இருக்கும் என் மாமா வேலை செய்யாத பிரிண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமா இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

பாயான் பாருவில் ஒரு முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆப்பீஸ். மூன்றே பேர். மனோகரன் அண்ணன் தவுக்கே, அதாவது முதலாளி. கதிரேசன் அண்ணன் மூத்த புரோகிராமர். நான் சுகுணா, ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். நாங்கள் கட்டும் எல்லா வெப்சைட்டும் கதிரேசன் அண்ணன் சொந்தமாக எழுதிய ஃபிரேம்வொர்க்கின் மேல்தான் நிற்கின்றன. ஆர்டர் வாங்குவது, பணம் வாங்குவது, பக்கத்தைக் காட்டுவது என்று எல்லா வெப்சைட்டுக்கும் பொதுவான வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். அதை யாராவது குறை சொன்னால், பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி அவர் முகம் போகும்.

சாமந்திக்கு நடுவில் விளக்கு வரிசை

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் லீலா அக்காதான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். கல்யாண மாலை, கோவில் மாலை, சீனர்களின் இறுதிச் சடங்குக்கு மலர்வளையம், எல்லாமே அவர் கடையில் உண்டு. கடைக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் தோரணம் கட்டுவது போல வெப்சைட்டுக்கும் கட்டச் சொல்வார். சீனப் பெருநாளுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்குச் சிவப்பும் தங்கமும், தலைக்கு மேல் மினுக் மினுக் என்று விளக்கு வரிசை.

போன தீபாவளிக்கு அந்த விளக்கு வரிசை மலர்வளையப் பக்கத்திலும் மினுக்கிவிட்டது. அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சீனக் குடும்பம் ஆர்டர் கொடுக்க வந்து, சாவு வீட்டில் ஆகவே ஆகாத சிவப்பையும், அதன் நடுவில் பண்டிகை வாழ்த்தையும் பார்த்திருக்கிறது. அவர்கள் திட்டக்கூட இல்லையாம். பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்களாம். லீலா அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்து, இந்தத் தீபாவளிக்கும் இதே கூத்து நடந்தால் கேஎல், அதாவது கோலாலம்பூர் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்றார். அவர் போனதும் தவுக்கே இன்னொரு குண்டைப் போட்டார். லீலா அக்கா போனால் கதிரேசன் அண்ணனின் ஃபிரேம்வொர்க்கை மூடிவிட்டு, மற்றவர்களுக்கு ரெடிமேட் சாமானை வாடகைக்கு எடுத்துக் கொடுக்கப் போகிறாராம். ரெடிமேட் சாமானுக்கு புரோகிராமர் எதற்கு? எங்கள் இரண்டு பேர் வேலையும் அந்த மலர்வளையப் பக்கத்தில் தொங்கியது. லீலா அக்கா படி இறங்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கடைக்குத் தீபாவளி வரட்டும்மா. செத்தவங்க வீட்டுக்கு வரக்கூடாது."

பேனா போதும் என்றவர்

நிறம், அளவு, எழுத்தின் தடிப்பு இதையெல்லாம் ஸ்டைல்ஷீட் என்ற கோப்பில் எழுதுவோம். லீலா அக்காவின் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். தலை சுற்றியது. ஒரே சிவப்பு, பொத்தானுக்கு ஒரு தடவை, கோட்டுக்கு ஒரு தடவை, தலைப்புக்கு ஒரு தடவை என்று கண்ட இடத்திலெல்லாம் கையால் எழுதியிருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் கதிரேசன் அண்ணன் அதைத் தேடித் தேடி மாற்றுவார். அதில் கல்யாணப் பக்கம் எது, துக்கப் பக்கம் எது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இதற்கு உலகம் எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டது. ப்ரீபிராசசர் என்று பெயர். நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதினால் போதும். அது உட்கார்ந்து முழு ஸ்டைல்ஷீட்டையும் தயாரித்துக் கொடுத்துவிடும். ஒரே மூலத்தை வைத்துப் பண்டிகைக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு உடுப்பு தைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஃபிரேம்வொர்க்குக்கு அந்தப் பாஷை தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். என்னால் முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் இல்லை. கதிரேசன் அண்ணன் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"கையால எழுதறவனுக்குப் பேனா போதும் சுகுணா. மொழிபெயர்ப்பாளர் எதுக்கு?"

மாறாத மஞ்சள்

பேனாக்காரர் ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் ஸ்டைல்ஷீட்டைப் புதிதாகத் தயாரித்தால் வெப்சைட் ஆமை ஆகிவிடும், அதனால் மூலக் கோப்பு மாறியிருந்தால் மட்டும் தயாரிக்க வேண்டும் என்றார். நியாயம்தான். அந்தப் பகுதியை நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டு எழுதியும் கொடுத்தார்.

மறுநாள் நிறங்களை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, மஞ்சளைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன். பக்கம் அப்படியே இருந்தது. இன்னும் அடர்த்தியாக்கினேன். அசையவில்லை. கடுப்பில் மஞ்சளைக் கறுப்பாக்கினேன். திரையில் அதே மஞ்சள் என்னைப் பார்த்துச் சிரித்தது. கதிரேசன் அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டார் சொதப்பியதைப் பார்த்த பெண் வீட்டார் சந்தோஷம். நான் விடுவேனா? அவர் எழுதிய பகுதியைத் திறந்து அவர் பக்கமாகவே திரையைத் திருப்பினேன். அது முதன்மைக் கோப்பை மட்டும்தான் பார்த்தது. முதன்மைக் கோப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும் நிறக் கோப்பு மாறியதா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னென்ன கோப்பு உள்ளே போகிறது என்பதை ப்ரீபிராசசரிடமே கேட்டு, அத்தனையையும் கண்காணிக்கும்படி மாற்றினோம். மஞ்சள் உடனே கறுத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா மாறலன்னா வீட்ல யாருமே மாறலன்னு நெனச்சிட்டேன்லா."

தவுக்கேயின் கைவண்ணம்

எங்கள் தவுக்கேவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் போனில் ஏதாவது கேட்டால் எங்களிடம் சொல்லாமல், தானே சர்வருக்குள் போய்த் திருத்திவிட்டு, "ஆச்சுக்கா" என்பார். லீலா அக்கா எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாராம். இவர் நேராகப் போய் ப்ரீபிராசசர் தயாரித்து வைத்திருந்த கோப்பில் கை வைத்திருக்கிறார். நான் மூலத்தில் எதையோ மாற்றியதும் அது புதிதாகத் தயாராகி, அவர் திருத்தம் காற்றோடு போனது. அவர் மறுபடி திருத்த, நான் மறுபடி மாற்ற, ஒருவருக்கொருவர் தெரியாமலேயே கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். யாரோ சர்வருக்குள் புகுந்துவிட்டான் என்று தவுக்கே பாஸ்வேர்டை மாற்றியதில், நானே உள்ளே போக முடியாமல் வெளியே நின்றேன்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்ததும், தயாராகும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் "இது இயந்திரம் எழுதியது, இதில் கை வைக்க வேண்டாம், மூலத்தைத் திருத்தவும்" என்று ஃபிரேம்வொர்க்கே எழுதிவிடும்படி செய்தேன். நிம்மதியாக மீ கோரேங் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அந்த எச்சரிக்கைக்குக் கீழே அவர் கைவண்ணம். போய்க் கேட்டேன். அவர் கண்ணில் பொய்யே இல்லை.

"நீ மேலதானேம்மா எழுதியிருந்த? நான் கீழதானே கை வெச்சேன்?"

துவைக்காத வேட்டி

துக்கப் பக்கத்துக்குத் தனி உடுப்பு தைக்கிற நாள் வந்தது. வெள்ளைப் பின்னணி. பொத்தானுக்கு மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் மங்கலாக்கு என்று ப்ரீபிராசசரிடம் சொன்னேன். அதுவும் கணக்குப் போட்டு மங்கலாக்கியது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. லீலா அக்கா போனில் பார்த்துவிட்டு, துவைக்காத வேட்டி மாதிரி இருக்கிறது என்றார். சரி, சீனர்களுக்குத் துக்கத்தில் நீலம் ஆகும் என்று அடர் நீலத்தை வைத்தேன். எலெக்‌ஷன் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கட்சிக்காரர்களின் நீலக் கொடியும், வைபி என்று நாங்கள் கூப்பிடும் எம்பிக்களின் படமும் தொங்கிய நேரம் அது. அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப துக்கம் கேக்கிற சாக்குல ஓட்டுக் கேக்க வந்த வைபி மாதிரி இருக்கு."

பணம் கட்டும் இடம்

வெளிர் நீலத்தில் சமாதானம் ஆனது. மலர்வளையப் பக்கம் வெள்ளையும் வெளிர் நீலமுமாக, கோவில் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. மூலம் ஒன்றே, உடுப்பு இரண்டு. எந்தப் பக்கத்துக்கு எந்த உடுப்பு என்று ஃபிரேம்வொர்க்குக்கும் இப்போது தெரியும். லீலா அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தீபாவளி உடுப்பைப் போட்டுக் காட்டினேன். கடை முழுக்கச் சிவப்பும் தங்கமும். மலர்வளையம் மட்டும் வெள்ளை. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

அக்கா சும்மா பார்த்துவிட்டுப் போகிறவரா? ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். பணம் கட்டும் பொத்தானை அழுத்தினார். பணம் கட்டும் பக்கம் எல்லாருக்கும் பொது. விளக்கு வரிசை மினுக்கியது. பூவைப் பார்க்கும்வரை துக்கம், பணம் கட்டும் இடத்தில் பண்டிகையா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வை கேட்டது. பக்கத்தைப் பார்த்து உடுப்பு மாற்றினால் போதாது, வாங்குகிறவரின் ஆர்டரில் என்ன பூ இருக்கிறது என்பதைப் பார்த்து மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கதிரேசன் அண்ணன் உடனே ஒரு கேள்வியைப் போட்டார். ஒரே ஆர்டரில் மலர்வளையமும் தீபாவளி மாலையும் இருந்தால்? அப்படி யார் வாங்குவார்கள் என்று நான் சிரித்தேன். லீலா அக்கா சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்கு வளையம், நம்ம வீட்டு சாமிக்கு மாலை. எல்லா வருஷமும் வாங்கறாங்க தம்பி. துக்கம்தான் முந்தணும்."

வாசல் நம்பர்

அதையும் செய்தோம். தீபாவளி நெருங்கிவிட்டது. இது கடைசிப் பரீட்சை. கேஎல் கம்பெனிக்காரன் ஒருவன் லீலா அக்கா கடைக்கே வந்து படம் காட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அதனால் எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அக்கா வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளை. பணம் கட்டும் பக்கம். வெள்ளை. விலாசத்தை எழுதினார், வாசல் நம்பரை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தினார். கட்டம் பளீரென்று சிவந்தது. பெரிய சிவப்பு எழுத்தில் "தவறு" என்று வந்தது.

அந்தச் சிவப்பு என் ஸ்டைல்ஷீட்டில் இல்லை. கதிரேசன் அண்ணனின் ஃபிரேம்வொர்க்குக்குள்ளேயே, அவர் ஆதியில் கையால் எழுதி வைத்தது. அதில் மட்டும் கை வைக்க அவர் என்னை விட்டதே இல்லை. உலகம் முழுக்கத் தப்பு சிவப்பில்தான் வரும் அக்கா, அதுதான் முறை என்று அவர் எழுந்து நின்று விளக்கினார். மனுஷன் பிள்ளைக்காக வாதாடுகிற மாதிரி வாதாடினார். லீலா அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கதவுகிட்ட நின்று திரும்பினார்.

"சாவு வீட்டுக்காரன் வாசல் நம்பரை மறந்தா, அது தப்பில்ல தம்பி."

திறந்த பெட்டி

மறுநாள் காலை நான் பசியாறிவிட்டு ஆப்பீசுக்கு வந்தபோது கதிரேசன் அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஃபிரேம்வொர்க்கின் சொந்த ஸ்டைல்ஷீட்டைத் திறந்து வைத்திருந்தார். அதில் கையால் எழுதிய நிறத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். "தப்பு" என்ற பெயரை அடித்துவிட்டு "விட்டுப்போனது" என்று எழுதியிருந்தார். துக்க உடுப்பில் அதற்கு வெளிர் நீலக் கோடு, கீழே "வாசல் நம்பரையும் எழுதுங்கள்" என்று சின்ன எழுத்து. அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து முடித்துவிட்டோம். ஃபிரேம்வொர்க்கில் கையால் எழுதிய நிறம் ஒன்றுகூட மிச்சமில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் தடுத்து வைத்திருந்த மாதிரி கேட்டார்.

"இதை நீ முன்னாடியே செஞ்சிருக்கலாம்லா?"

தீபாவளிக்கு முதல் நாள்

தீபாவளிக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. ஏதாவது உடைந்தால் கையோடு சரி பண்ணு என்று லீலா அக்கா என்னைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டார். மல்லிகைக் கூடைகளுக்கு நடுவில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெப்சைட் முழுக்கச் சிவப்பும் தங்கமும். ஆர்டர் வந்து கொட்டியது. மத்தியானம் ஒரு மலர்வளைய ஆர்டர் வந்தது. பாலிக் புலாவிலிருந்து, ஆங் என்று ஒருவர். காலையில் அப்பா இறந்துவிட்டார் என்று குறிப்பில் எழுதியிருந்தார். அவர் என்ன பார்த்தாரோ, எங்கே மினுக்கியதோ, எந்தக் கட்டம் சிவந்ததோ.

லீலா அக்கா என்னைவிடப் பெரிய ஆள். ஆர்டரில் இருந்த நம்பருக்கு உடனே போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். மலாயில் ஆறுதல் சொன்னார். எந்த நேரத்துக்குப் பூ வேண்டும் என்று விசாரித்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நேராகவே கேட்டார்: எங்கள் வெப்சைட்டில் ஏதாவது கண்ணை உறுத்தியதா, நிறம் ஏதாவது தப்பாகத் தெரிந்ததா? களைத்துப்போன ஒரு குரல், நான் எதையும் பார்க்கவில்லை, பூ வந்துவிடும்தானே என்றது. வந்துவிடும் என்று அக்கா சொன்னார். போனை வைத்தார். ஒரு வெள்ளைச் சாமந்திக் கட்டை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அவரு ஒண்ணுமே பாக்கலியாம். கேஎல்காரனுக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன், நீ மனோகிட்ட சொல்லிடு."

செய்த வேலையை யாருமே பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற தொழில், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான்.